மக்தப் வகுப்பில் திரையின் இடம்

(நமது பள்ளிவாசல் மக்தப் மதரஸாவின் பெற்றோர் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை, ஆண்டு மலருக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

 

 

இன்று நாம் பேச எடுத்துக் கொண்டிருக்கும் பொருள், நிர்வாகக் கூட்டத்தில் இரண்டு முறை பேசப்பட்டு முடிவு எட்டப்படாமல் நிற்கும் ஒன்று. வளைகுடா நாடுகளில் உழைத்துக் கொண்டிருக்கும் நம்மூர்ச் சகோதரர்கள் சிலர், நமது மக்தபுக்குப் பெரிய தொடுதிரைப் பலகை ஒன்றை வாங்கித் தர முன்வந்திருக்கிறார்கள். விலைப்பட்டியலும் வந்துவிட்டது. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபாய். வெயிலிலும் புழுதியிலும் நின்று சம்பாதித்த பணத்தை, ஊரில் ஓதும் பிள்ளைகளுக்காகத் தர நினைக்கும் அந்த உள்ளங்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக! அவர்களுடைய எண்ணத்தைக் குறைத்துப் பேசுவதற்காக நாம் இங்கே நிற்கவில்லை. ஆனால், அந்தத் திரைக்கு முன்னால் அன்றாடம் அமரப் போகிறவர்கள் பிள்ளைகள்; பக்கத்தில் நிற்கப் போகிறவர்கள் நாம். ஆகவே வகுப்பறைக்குள் இருந்து பார்ப்பவர்களின் கருத்தையும் கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது என்று முத்தவல்லி அவர்கள் கூறினார்கள். அதற்காகவே இந்த உரை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுகிறோம். ஆலிம்கள் என்றால் புதுமைக் கருவிகளுக்கு எதிரிகள் என்ற எண்ணம் மக்களிடையே உண்டு. அப்படி எண்ணுவதற்கு இடமில்லாமலும் இல்லை. ஒலிபெருக்கியைத் தொழுகையில் பயன்படுத்தலாமா கூடாதா என்று ஒரு காலத்தில் இந்தத் துணைக்கண்டத்து உலமாக்களிடையே நீண்ட விவாதம் நடந்தது. இன்று அந்த விவாதம் நடந்ததே நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால், கல்வியைப் பொறுத்தவரை கருவி என்பது நமக்குப் புதிதன்று. முதன்முதலாக அருளப்பட்ட வசனங்களிலேயே எழுதுகோல் இடம்பெற்று விட்டது. மொரிட்டானியாவிலும் சூடானிலும் பிள்ளைகள் மரப்பலகையில் பாடத்தை எழுதி, மனனம் ஆனதும் கழுவிவிட்டு, அதே பலகையில் அடுத்த பாடத்தை எழுதும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. அதுவும் ஒரு கருவிதான். எழுதவும் அழிக்கவும் வசதியான கருவி. நம் தமிழகத்து முன்னோர்கள், அரபு எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்து அரபுத்தமிழை அமைத்துக் கொண்டார்கள். மார்க்க நூல்களைத் தாய்மொழியில் படிக்க அது வழிவகுத்தது. 1961இல் எகிப்தில் ஷெய்கு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்களின் குரலில் குர்ஆன் முழுவதும் ஒலிப்பதிவாக வெளிவந்தது. 1964இல் கெய்ரோவில் குர்ஆனுக்கென்றே தனி வானொலி தொடங்கப்பட்டது. நாம் ஓதிய காலத்தில் அந்த ஓதல்கள் ஒலிநாடாவாக நம் கைக்கு வந்து சேர்ந்தன. நாடா தேய்ந்து குரல் இழுபடும் வரை கேட்டிருக்கிறோம். ஆகவே, கருவி வேண்டுமா வேண்டாமா என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. எந்தக் கருவி, யாருடைய கையில், எந்த நேரத்தில் என்பதுதான் கேள்வி.

இதில் நமக்குக் கிடைத்த பெரிய அனுபவம் 2020ஆம் ஆண்டில் கிடைத்தது. மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன, பள்ளிவாசல்களில் ஜமாஅத் தொழுகையும் நின்றது, மக்தபும் பூட்டப்பட்டது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, 2019இல் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி வழியாகப் பாடங்கள் வந்தன. நம் மக்தபுக்கு அப்படி ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கினோம். நாம் ஒரு வரியை ஓதிக் குரல்பதிவாக அனுப்ப, பிள்ளைகள் அதைக் கேட்டு ஓதிப் பதிவு செய்து திருப்பி அனுப்பினார்கள். இஷாவுக்குப் பின் அமர்ந்தால், ஒவ்வோர் இரவும் இருபது முப்பது பதிவுகள் காத்திருக்கும்.

அந்த இரவுகளில் நாம் கவனித்தவை பல. வகுப்பில் வாயே திறவாத, நம் முகத்தைப் பார்த்தாலே பாடம் மறந்து போகிற சில பிள்ளைகள், பதிவில் அழகாக ஓதினார்கள். என்ன காரணம் என்று பெற்றோரிடம் விசாரித்தபோது விடை கிடைத்தது. அவர்கள் ஒருமுறை ஓதி அனுப்பவில்லை. ஓதுவார்கள், கேட்பார்கள், பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மீண்டும் ஓதுவார்கள். நமக்கு வந்து சேர்வது ஐந்தாவது அல்லது ஆறாவது பதிவு. வகுப்பில் ஒருமுறை ஓதிவிட்டு இடத்தில் போய் அமரும் பிள்ளை, வீட்டில் யாரும் சொல்லாமலே ஐந்து முறை ஓதியிருக்கிறது! தன் குரலைத் தானே கேட்கும்போது, நாம் பலமுறை சுட்டிக்காட்டியும் பிடிபடாத பிழை அந்தப் பிள்ளைக்கே பிடிபட்டு விடுகிறது. ஒலிப்பதிவுக் கருவி கல்விக்குச் செய்யும் உதவிகளில் இதைவிடச் சிறந்த ஒன்றை நாம் இதுவரை காணவில்லை. பல பதிவுகளில் பின்னால் தாயின் குரல் மெதுவாகக் கேட்கும்: 'இன்னும் கொஞ்சம் நீட்டுப்பா'. பிள்ளைக்கு அனுப்பிய பாடத்தைத் தாயும் ஓதிக் கொண்டிருந்தார் என்பதை அப்படித்தான் அறிந்தோம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பதிவு அனுப்ப முடியாத பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்துப் பாடம் கேட்டோம். ஸே, ஸீன், ஸாத் என்ற மூன்று எழுத்துகளும் தமிழ்ப் பிள்ளையின் நாவில் 'ஸ' என்ற ஒரே ஒலியாக விழுவது நீங்கள் அறிந்ததே. அவற்றைப் பிரித்துக் காட்டுவதுதான் நம் தொழிலில் பாதி. தொலைபேசியிலோ, பிள்ளை சரியாக ஓதியதா தவறாக ஓதியதா என்று நமக்கே தெரியவில்லை. இதற்கு ஓர் இயற்பியல் காரணம் உண்டு. சாதாரணத் தொலைபேசி ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும் வகையில் அமைக்கப்பட்டது. பேச்சைப் புரிந்துகொள்ள அது போதும். ஆனால், ஸீனின் சீறல் ஒலியில் பெரும்பகுதி 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அதை வெட்டிவிட்டால், நாக்கு நுனியைப் பல்லுக்கிடையே வைத்துச் சொல்லும் ஸேக்கும் ஸீனுக்கும் இடையிலுள்ள வேறுபாடு செவிக்கு எட்டாது. இப்போதைய புதிய இணைப்புகளும் குரல்பதிவுகளும் அதைவிட மேல். என்றாலும் நேரில் கேட்பதற்கு ஈடாகா. நேரில் என்றால் செவி மட்டுமா வேலை செய்கிறது? பிள்ளையின் உதட்டைப் பார்க்கிறோம்; நாக்கு எங்கே நிற்கிறது என்று பார்க்கிறோம். ழாத் என்ற எழுத்தை நம் முன்னோர் தமிழில் 'ழ' என்று எழுதி வைத்தார்கள். 'ரமழான்', 'ஹழ்ரத்' என்று. ஆனால் வாயில் வந்ததோ பெரும்பாலும் 'ல'கரம்தான். எழுதிக் காட்டுவதால் மட்டும் மக்ரஜ் வந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அந்த நாட்களின் இன்னொரு செய்தி நம் உள்ளத்தை இன்றும் வருத்துகிறது. ஒரே ஒரு கைப்பேசி உள்ள வீடுகளில், அது காலையில் வாப்பாவுடன் கடைக்கோ சந்தைக்கோ போய்விடும். இரவு பத்து மணிக்கு அவர் வீடு திரும்பிய பிறகுதான் அந்த வீட்டுப் பிள்ளையின் பதிவு வரும். சில நாள் வராது. பிறகு வருவதே நின்றுவிடும். மக்தப் மீண்டும் திறந்தபோது, திரும்பி வராத பிள்ளைகள் யார் யார் என்று பார்த்தோம். பெரும்பாலும் அந்த வீட்டுப் பிள்ளைகளே. வகுப்பறையில் ஒரே பாயில் அமர்ந்திருந்தவர்களை, கருவி இரண்டாகப் பிரித்து விட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனாலும் நடந்தது.

சரி, மார்க்கக் கல்விதான் இப்படி, பள்ளிக்கூடக் கல்வியில் கணினி வெற்றி பெற்றிருக்கிறதே என்று நம் இளைஞர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். நம் மாநிலத்திலேயே 2011இல் தொடங்கி, மேல்நிலை மாணவர்களுக்கு அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கியது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில், கைப்பேசியால் படம்பிடித்துக் காணொலியைத் திறக்கும் குறியீட்டுக் கட்டங்கள் அச்சிடப்பட்டன. வெளிநாடுகளிலும் பெரும் பணம் செலவிடப்பட்டிருக்கிறது. அவற்றில் இரண்டு அனுபவங்களை மட்டும் உங்கள் முன் வைக்கிறோம். இரண்டும் முறையாக ஆராயப்பட்டவை.

ஒன்று, தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டினுடையது. 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்ற திட்டத்தின் கீழ் அந்நாட்டு அரசு எட்டு இலட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகளை வாங்கியது. கிராமப்புறத்தில் 319 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, கணினி கிடைத்த பள்ளிகளையும் கிடைக்காத பள்ளிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது. கணிதத்திலும் மொழியிலும் அந்தப் பிள்ளைகளுக்கு எந்த முன்னேற்றமும் புலப்படவில்லை. கணினியைக் கையாளத் தெரிந்து கொண்டார்கள். கருவி வந்தது, ஆனால் வகுப்பு நடந்த முறை அப்படியே இருந்தது.

மற்றொன்று நம் நாட்டுத் தலைநகரான டெல்லியில் நடந்தது. 2015இல், பெரும்பாலும் நடுநிலை வகுப்புகளில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, 'மைண்ட்ஸ்பார்க்' என்ற கணினிப் பயிற்சி நடந்த மாலை நேர நிலையங்களில் சேர்த்தார்கள். தினமும் 90 நிமிடம். அதில் 45 நிமிடம் கணினி. எஞ்சிய 45 நிமிடம் சிறு குழுவாக ஓர் உதவி ஆசிரியரிடம் பாடம். நான்கரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் கண்கூடான முன்னேற்றம் ஏற்பட்டது. காரணம் என்ன தெரியுமா? அந்தப் பிள்ளைகளில் பலர் தம் வகுப்புக்குரிய பாடத்துக்குப் பல ஆண்டுகள் பின்தங்கி இருந்தார்கள். பள்ளியிலோ ஆசிரியர் வகுப்புக்குரிய பாடத்தை நடத்திக் கொண்டே போவார். பின்தங்கிய பிள்ளைக்கு அதில் ஒன்றும் ஒட்டாது. அந்த மென்பொருளோ ஒவ்வொரு பிள்ளையையும் சோதித்து, அது எங்கே நிற்கிறதோ அங்கிருந்து கேள்வி கேட்டது. ஒரே அறையில் ஒரு பிள்ளை மூன்றாம் வகுப்புக் கணக்கையும், பக்கத்துப் பிள்ளை ஆறாம் வகுப்புக் கணக்கையும் போட்டது.

இதைப் படித்தபோது நாம் வியந்தோம். இது நம் மக்தப் முறை அல்லவா! நம் மக்தபில் என்றைக்காவது எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாடத்தை ஓதியது உண்டா? ஒரு பிள்ளை அலிஃப் பே. ஒரு பிள்ளை கூட்டெழுத்து. இன்னொரு பிள்ளை அம்ம ஜுஸ்வு. ஒரு பிள்ளை பதினைந்தாவது ஜுஸ்வில் நிற்கும். ஒவ்வொருவராக வந்து உஸ்தாத் முன்னால் மண்டியிட்டு, தம் ஸபக்கை ஓதிக் காட்டி, சரியானால் அடுத்த வரி, இல்லையேல் நாளைக்கும் அதே வரி. வயது பத்தானாலும் எழுத்துத் தெரியாதவன் எழுத்திலிருந்தே தொடங்குவான். அதில் அவனுக்கு வெட்கமும் இல்லை. 'பழைய முறை' என்று நாம் வெட்கப்பட்ட ஒன்றைத்தான், கணினி வல்லுநர்கள் பெரும் பொருள் செலவிட்டு உருவாக்கி வெற்றி கண்டிருக்கிறார்கள். ஜிப்ரீல் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் ரமழான் தோறும் வந்து நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுடன் குர்ஆனை ஓதிச் சரிபார்த்தார்கள் என்ற செய்தியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஒருவர் ஓத ஒருவர் செவிமடுப்பது என்பது நமக்கு அங்கிருந்து வருகிறது.

இப்போது அந்தப் பெரிய தொடுதிரையை நினைத்துப் பாருங்கள். அது சுவரில் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு பாடத்தைத்தான் காட்டும். அதைப் பயன்படுத்த வேண்டுமானால் நாற்பது பிள்ளைகளும் ஒரே வரியை ஒரே நேரத்தில் கோரஸாக ஓத வேண்டும். பார்ப்பதற்கு அழகாக இருக்கும். படம்பிடித்து அனுப்பவும் நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பேரொலியில், பின்வரிசையில் வாயை மட்டும் அசைத்துக் கொண்டிருக்கும் பிள்ளையை யார் கண்டுபிடிப்பது? டெல்லியில் எந்த நோயைக் கணினி தீர்த்து வைத்ததோ, அந்த நோயை நாம் ஒன்றரை இலட்சம் கொடுத்து மக்தபுக்குள் கொண்டு வந்தவர்களாவோம்.

நம் வகுப்பின் உண்மையான குறை வேறு. பிள்ளைகள் நாற்பது பேர், உஸ்தாத் ஒருவர், நேரம் மஃரிபுக்குப் பின் அறுபது நிமிடம். வகுத்துப் பாருங்கள், ஒரு பிள்ளைக்கு ஒன்றரை நிமிடம். அதுவும் வருகைப் பதிவு, சண்டை விலக்கல், தண்ணீர் குடிக்க அனுமதி ஆகியவற்றைக் கழிக்காமல்! முன்பு ஸுபுஹுக்குப் பின்னும் ஒரு வகுப்பு இருந்தது. பள்ளிக்கூட வாகனம் ஏழரை மணிக்கே தெருவுக்கு வந்து விடுவதால் அது நின்றுபோயிற்று. மாலையில் தனிப்பயிற்சி முடித்துக் களைப்போடு வரும் பிள்ளை, தன் ஒன்றரை நிமிடத்துக்காக ஐம்பத்தெட்டரை நிமிடம் காத்திருக்கிறது. அந்தக் காத்திருக்கும் நேரத்தில்தான் எல்லாக் குறும்பும் நடக்கிறது.

ஆகவே, கருவி எங்கே உதவும் என்று கேட்டால், அந்த ஐம்பத்தெட்டரை நிமிடத்தில் உதவும் என்பதே நம் கருத்து. காதில் அணியும் ஒலிப்பான்களுடன் சிறிய கருவிகள் சில போதும். முறைக்காகக் காத்திருக்கும் பிள்ளை, தன் பாடப் பகுதியை ஹுஸரீ அவர்களின் நிதானமான ஓதலில் பத்து முறை கேட்கட்டும். தானும் ஓதிப் பதிவு செய்து கேட்கட்டும். அவற்றில் இணையம் வேண்டாம் என்பது நம் வேண்டுகோள். இணையத்தில் ஒரு சூராவை ஓடவிட்டால், ஆயத்துக்கும் ஆயத்துக்கும் நடுவில் சோப்பு விளம்பரமும் திரைப்படப் பாடலும் குறுக்கிடுவதை நீங்களே கண்டிருப்பீர்கள். பக்கத்திலேயே விளையாட்டும் இருக்கிறது. பெரியவர்களாலேயே அதைக் கடந்து வர முடியவில்லை. எட்டு வயதுப் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை.

திரையால் நன்மையே இல்லை என்று நாம் சொன்னதாக யாரும் எடுத்துக் கொள்ள வேண்டாம். மக்ரஜ் பாடத்துக்குத் திரை மிகவும் உதவும். உஸ்தாதின் வாய்க்குள் பிள்ளை எட்டிப் பார்க்க முடியாது. தஜ்வீத் நூல்களில் வாயின் குறுக்குவெட்டுப் படம் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் புரிந்துகொண்ட பிள்ளை குறைவு. நாக்கு அசைவதைக் காட்டும் படக்காட்சி ஒன்றை நம் கைப்பேசியில் காட்டியபோது, காஃபுக்கும் 'பெரிய காஃப்' எனப்படும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு ஐந்து நிமிடத்தில் விளங்கியது. வாரம் ஒருநாள், அரை மணி நேரம், அதற்கு ஒரு சாதாரணத் தொலைக்காட்சிப் பெட்டியே போதுமானது. அது நம்மில் சிலருடைய வீடுகளில் பயனற்றும் கிடக்கிறது.

ஹிஃப்ழு செய்யும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஓதுவதைக் கேட்டு, விட்டுப்போன சொல்லைச் சுட்டிக்காட்டும் செயலிகள் இப்போது வந்திருக்கின்றன. மனனம் செய்ததைத் திருப்பிப் பார்க்க, அதாவது தவ்ருக்கு, அவை பயன்படும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் புதிய பாடத்தை மனனம் செய்யத் திரையைக் கொடுக்காதீர்கள். ஹாஃபிழ்கள் ஒரே முஸ்ஹஃபை ஏன் வைத்துக் கொள்கிறார்கள்? அந்த ஆயத் வலப்பக்கத்தில் இருக்கிறதா இடப்பக்கத்தில் இருக்கிறதா, மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதும் நினைவில் பதிந்து விடுகிறது. ஒவ்வொரு பக்கமும் ஆயத்தோடு முடியும் பதினைந்து வரி முஸ்ஹஃபின் பயனே அதுதான். விரலால் தள்ளத் தள்ள ஓடிக் கொண்டே இருக்கும் எழுத்துக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. பல செயலிகளில் இருப்பது மதீனா முஸ்ஹஃபின் எழுத்தமைப்பு. நம் பிள்ளைகள் காயிதாவில் படிப்பது நம் நாட்டு எழுத்தமைப்பு. சுக்கூன் குறி வேறு, மத்துக் குறி வேறு, தன்வீன் எழுதும் விதமும் வேறு. இரண்டும் சரியானவையே, பெரியவர்களுக்குச் சிரமமில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையோ, வீட்டில் ஒன்றும் மக்தபில் ஒன்றுமாகக் கண்டு தடுமாறுகிறது. செயலியைத் தரவிறக்கும் முன் அதிலுள்ள எழுத்தை நம்மிடம் ஒருமுறை காட்டுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

இனி, அந்த ஒன்றரை நிமிடத்தை எப்படி நீட்டுவது? இதற்கு நம் சென்னை மாநகரமே ஒருமுறை உலகத்துக்கு வழிகாட்டியிருக்கிறது. 1789இல் எழும்பூரில் அநாதைச் சிறுவர்களுக்கான ஒரு பள்ளியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு, அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவர்களைக் கொண்டே இளையவர்களுக்குப் பாடம் சொல்ல வைத்தார். 1797இல் அதைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் மக்தபில் குர்ஆனை முடித்த பிள்ளைகள் எட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒவ்வொருவரும் எழுத்துப் படிக்கும் பிள்ளைகள் இருவருக்குத் தினமும் செவி கொடுத்தால், பதினாறு பேரின் முதற்கட்டப் பாடம் நம்மிடம் வருவதற்குள் பாதி திருந்தியிருக்கும். மூத்த பிள்ளைக்கும் தன் ஓதல் மறக்காது.

அடுத்தது செலவைப் பற்றியது. ஒன்றரை இலட்சம் ரூபாயை மாதம் ஆறாயிரம் என்று பிரித்தால், ஓர் ஆலிமாவுக்கு இருபத்தைந்து மாதம் மாலை நேர ஊதியம் கொடுக்கலாம். ஆறாயிரம் போதுமான தொகை என்று நாம் சொல்லவில்லை. ஓதிக் கொடுப்போருக்குச் சமுதாயம் கொடுக்கும் ஊதியம் பற்றித் தனியாக ஒரு கூட்டமே போட வேண்டியிருக்கிறது. நம் ஊரிலேயே ஆலிமா பட்டம் பெற்றுவிட்டு வீட்டில் இருக்கும் சகோதரிகள் உண்டு. ஒருவர் வந்தால் ஒன்றரை நிமிடம் மூன்று நிமிடமாகும். பெரிய பெண்பிள்ளைகள் ஓத வருவதை நிறுத்தி விடுகிறார்களே என்ற நெடுநாள் கவலையும் குறையும். தொடுதிரை ஐந்தாறு ஆண்டுகளில் பழுதானால், உதிரிப் பாகத்துக்கு நகரத்துக்குக் கடிதம் எழுதிக் கொண்டிருக்க வேண்டும். அயலூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில், அப்படிப் பழுதான பலகையின் மீது காகிதம் ஒட்டி அட்டவணை எழுதி வைத்திருப்பதை நாமே பார்த்திருக்கிறோம்.

நன்கொடையாளர்கள் மனம் நோகுமே என்று நிர்வாகிகளில் ஒருவர் கேட்டார்கள். நியாயமான அச்சம். கருவி என்றால் காட்டுவதற்கு ஒரு பொருள் இருக்கும். பெயர் பொறித்து வைக்கலாம். ஊதியம் என்றால் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? இருக்கிறது என்கிறோம். மாதம் ஒருமுறை, தங்கள் பணத்தால் கூடுதல் நேரம் பெற்ற ஒரு பிள்ளையின் ஓதலை, பெற்றோரின் சம்மதத்துடன், குரலாக மட்டும் அவர்களுக்கு அனுப்பி வைப்போம். முதல் மாதத்துக் குரலையும் ஆறாவது மாதத்துக் குரலையும் அடுத்தடுத்துக் கேட்டால் தெரிந்து விடும். பிள்ளைகளின் முகத்தைப் படம்பிடித்துக் குழுக்களில் போடும் வழக்கத்தை மட்டும் அருள்கூர்ந்து கைவிட வேண்டும். அந்தப் படங்கள் எங்கெங்கே சுற்றுகின்றன என்பது நம் கட்டுப்பாட்டில் இல்லை. சிறப்பாகப் பெண்பிள்ளைகளின் படங்கள்.

2023ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அரசு, பள்ளிப் பிள்ளைகளுக்கு அச்சிட்ட புத்தகங்களை மீண்டும் வாங்கிக் கொடுக்கத் தனி நிதி ஒதுக்கியது. உலகத்திலேயே கணினிகளை முந்திக்கொண்டு வகுப்பறையில் புகுத்திய நாடுகளில் அதுவும் ஒன்று. அவர்கள் கணினியைத் தூக்கி எறிந்துவிடவில்லை. சிறு பிள்ளைகளின் கையில் எதை முதலில் கொடுப்பது என்ற வரிசையைத்தான் மாற்றிக் கொண்டார்கள். நாமும் வரிசையைத்தான் பேசுகிறோம்.

ஆகவே, நிர்வாகத்தின் முன் நாம் வைக்கும் வேண்டுகோள் இதுதான். நன்கொடையாளர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதி, அந்தத் தொகையின் பெரும்பகுதியை இரண்டாவது ஆசிரியைக்கும், சிறுபகுதியை இணையமில்லாத ஒலிப்பான்கள் பத்துக்கும் பயன்படுத்த அனுமதி கேட்பது. அவர்கள் மறுத்து, திரைதான் வேண்டும் என்றால், அதையும் மகிழ்ச்சியோடு பெற்றுக் கொள்வோம். வாரம் ஒருநாள் மக்ரஜ் பாடத்துக்கு வைத்துக் கொள்வோம். மற்ற ஆறு நாட்களும் பிள்ளைகள் ஒவ்வொருவராக முன்னால் வந்துதான் ஓதுவார்கள்.

பெற்றோர்களிடம் கேட்பது இரண்டு. தினமும் இஷாவுக்குப் பின் பத்து நிமிடம், உங்கள் கைப்பேசியைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் உங்கள் கையிலேயே வைத்துக் கொண்டு, பிள்ளை ஓதுவதைப் பதிவு செய்து, இருவருமாக ஒருமுறை கேளுங்கள். எங்களுக்கு ஓதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். தன் பிழையைப் பிள்ளையே சொல்லும். அடுத்தது, காலையில் அரை மணி நேரமாவது வகுப்பு நடத்த முடியுமா என்று பார்க்கிறோம். பள்ளிக்கூட வாகனம் உங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்று ஒரு தாளில் எழுதி, பிள்ளையின் பெயருடன், வரும் ஜும்ஆவுக்குள் பள்ளிவாசல் அலுவலகத்தில் கொடுத்து விடுங்கள். வீட்டில் ஆலிமா இருப்பவர்களும் அதே தாளில் குறிப்பிடலாம்.